அறுபது வாட்ஸ்

ஐஸ் பெட்டி நிலைப்படியில் மாட்டிக்கொண்டது. பெட்டி நீளம், நடை குறுகல். நாலு பேர் தூக்கியும் உள்ளே திரும்ப மறுத்தது.

“எடமக்கி, எடமக்கி! இடதுபக்கம் சாயுங்கண்ணா!” என்று புத்தூரிலிருந்து பெட்டியோடு வந்த ஆள் தெலுங்கும் தமிழுமாகக் கத்தினார்.

தேவசேனா கால்மாட்டு மூலையைத் தானும் பிடித்திருந்தாள். கதவுக்கும் பெட்டிக்கும் நடுவே விரல் நசுங்கியபோதும் கையை எடுக்கவில்லை.

“உடுடி, ஆம்பளைங்க பாத்துப்பாங்க. நீ வந்து இப்படிக் குந்து,” என்றாள் கங்கம்மாள் அத்தை. செத்துப்போன முனிகிருஷ்ணனுக்கு, தேவசேனாவின் நைனாவுக்கு, ஒரே தங்கை. சேதி கேட்டதும் திருத்தணியில் பஸ் ஏறி, அண்ணன் வந்து சேருவதற்கு முன்பே நகரிக்கு வந்து வாசலில் காத்திருந்தவள்.

தேவசேனாவால் உட்கார முடியவில்லை. திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு மணி நேரம் நைனாவின் பக்கத்தில் உட்கார்ந்தேதான் வந்தாள். வடமாலபேட்டை தாண்டி ஒரு வேகத்தடையில் வண்டி எகிற, நைனாவின் தலை இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் ஆடியது. அப்போது பிடித்த தலையை வீடு வரும்வரை விடவில்லை. இப்போது கைகளுக்கு வேலை இல்லாமல் போனதும் அவை எதையாவது தேடின. பாயைச் சுருட்டின, சொம்பை நகர்த்தின, புடவைத் தலைப்பை முறுக்கின.

நைனாவை நடு அறையில் பெஞ்சின்மேல் கிடத்தியிருந்தார்கள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. பகல் மூன்று மணிக்கும் விளக்குப் போட வேண்டும். உத்தரத்திலிருந்து ஒரு ஒயரில் தொங்கிய குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சம் அவர் நெற்றியிலும் மூக்கிலும் இறங்கி, கன்னத்துக் குழிகளில் மெத்தென்று நிழல் கட்டியிருந்தது. வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்.

“தூங்கறாப்புலயே கீறாரு.”

பெட்டி ஒருவழியாக உள்ளே வந்தது. நைனாவைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். கண்ணாடி மூடியைப் போட்டு பெட்டிக்காரர் ப்ளக்கைச் சொருகினார். மோட்டார் ஒருமுறை உறுமி ஓட ஆரம்பித்தது. பெட்டிக்குள் இரண்டு பக்கமும் வெள்ளை விளக்குகள் பளிச்சென்று எரிந்தன.

அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நெற்றி, காது மடல், மார்பின்மேல் கட்டியிருந்த கைகள், நகக்கண், உள்ளங்கால் எல்லாமே மஞ்சள். மஞ்சள் பூசியதைப் போன்ற மஞ்சள் இல்லை. பழைய காகிதத்தில் எண்ணெய் ஊறினால் வருமே, அப்படியொரு நிறம்.

“அய்யோ, இன்னாடி இது, எங்கண்ணன் இப்படிக் கீது?” அத்தை கண்ணாடிமேல் கையை வைத்தாள். “காமாலைன்னுதானே போன்ல சொன்ன? இது ஒரு நாள்ல வந்த மஞ்சளா? எத்தினி மாசமா இப்படிக் கீதோ! ஊட்ல யாரும் பாக்கலியா?”

வீட்டில் யார் இருந்தார்கள்? வாராவாரம் வந்துபோன மகள் ஒருத்திதான்.

“உள்ள எரியற லைட்ட அணைக்க முடியாதா?” என்று தேவசேனா பெட்டிக்காரரிடம் கேட்டாள்.

“அது மோட்டாரோட கனெக்சன்மா. அணைச்சா கூலிங் நின்னுடும்.” அவர் அண்ணாந்து தொங்கும் பல்பைப் பார்த்தார். “இன்னும் இந்த பல்பா வெச்சினு கீறீங்க? அப்பாவ கடைசியா பாக்க வர்றவங்களுக்கு மொகம் தெரிய வேணாமா? நல்ல எல்இடி ஒண்ணு போடுங்கம்மா.”

பெட்டிக்காரர் கிளம்பிப் போனார். தம்பி சந்துருவின் விமானம் ராத்திரி குவைத்தில் கிளம்பி விடிகாலை சென்னையில் இறங்கும். எட்டு மணிக்குள் டாக்ஸியில் வந்துவிடுவான். அதுவரைக்கும் பெட்டி ஓட வேண்டும், அதற்குள் இருக்கும் விளக்குகளும் எரிய வேண்டும்.

தேவசேனா பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினாள். திரும்பி வந்தாள். கூட்டத்தைப் பார்த்ததும் மறுபடி பின்கட்டுக்குப் போனாள். கழுவிய முகத்தையே மறுபடி கழுவினாள்.

ஆஸ்பத்திரியிலும் இதே கேள்விதான். வேதாச்சலத்தின் விசைத்தறி ஷெட்டில் வேலையில் இருந்த நைனா மயங்கி விழ, வேதாச்சலமே வண்டி வைத்துத் திருப்பதிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு அவளுக்குப் போன் செய்தார். காந்தி ரோட்டில் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையிலிருந்து அவள் ஆட்டோ பிடித்து ஓடினாள். அவசரப் பிரிவில் வரிசையாக வெள்ளை விளக்குகள். நைனாவின் கட்டிலைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

“எவ்வளவு நாளா கண்ணு மஞ்சளா இருக்கு?” என்று டாக்டரம்மா தெலுங்கில் கேட்டார்.

“தெரியல மேடம்.”

“கூடவே இருக்கறது யாரு?”

“நான்தான் வாராவாரம் போவேன்.”

டாக்டரம்மா அதையும் எழுதிக்கொண்டார். பித்தக் குழாயில் கட்டி, வலியே இல்லாமல் வளர்ந்திருக்கிறது, நாலைந்து மாதம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்று மறுநாள் சொன்னார். பன்னிரண்டாம் நாள் காலையில் நைனா போய்விட்டார்.

தேவசேனாவைக் குடைந்தது அந்தக் கட்டி இல்லை. வெளிச்சத்தைப் பற்றி மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அவளுக்குத் தெரியாமல் இருக்க நியாயமில்லை. போன தீபாவளிக்கு முன்னால்தான் கடை முழுக்க எல்இடி மாற்றினார்கள். மாற்றிய வாரமே அரக்குச் சேலையெல்லாம் பழுப்பாகத் தெரிகிறது என்று வாடிக்கைக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். முதலாளி பட்டு செக்‌ஷனுக்கு மட்டும் மஞ்சள் விளக்கை வாங்கி மாட்டினார். அதில் சாதாரண ஜரிகையும் தங்கமாக ஜொலித்தது. விவரம் தெரிந்தவர்கள் அதற்கும் மயங்க மாட்டார்கள். “வாசலுக்கு எடுத்துனு போயி பகல் வெளிச்சத்துல பாருங்கம்மா. கடை வெளிச்சத்த நம்பாதீங்க” என்று ஒரு நாளைக்கு இருபது பேரிடம் சொல்கிறவள் அவள். பெற்ற தகப்பனை ஒருநாள் வாசலுக்கு அழைத்து வந்து பார்க்கவில்லை.

நைனாவின் மஞ்சளை மறைத்த அந்தக் குண்டு பல்பை மாட்டியதும் அவள்தான்.

சந்துரு போன வருஷம் லீவில் வந்தபோது, குவைத்திலிருந்தே பெரிய எல்இடி பல்பு ஒன்றைக் கொண்டுவந்து அந்த ஹோல்டரில் மாட்டிவிட்டுப் போனான். அட்டைப்பெட்டியில் அரபி எழுத்து. எரியவிட்டால் வீடு பட்டப்பகல். மூலையில் ஒட்டடை, சுவரில் விரிசல், அடுக்களையில் எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் அன்றைக்குத்தான் முதல்முதலாகத் தெரிந்தன. “பாத்தியா நைனா, ஊடே கல்யாண மண்டபம் ஆயிடுச்சி,” என்று அவன் சிரித்தான். நைனாவும் சிரித்தார்.

ஆவணி மாதத்தில் ஒருநாள் நைனா போன் செய்தார். “சேனா, இந்த வெள்ள லைட்டு கண்ணுல ஊசி குத்தறாப்புல கீதும்மா. ஆபரேசன் பண்ண கண்ணு. பழைய குண்டு பல்பு ஒண்ணு கெடச்சா வாங்கினு வா. இங்க எந்தக் கடையிலயும் இல்லன்றாங்க.”

புரை ஆபரேஷன் நடந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. இப்போது ஏன் கூசுகிறது என்று அவள் கேட்கவில்லை. திருப்பதியிலும் அந்தப் பல்பு லேசில் கிடைக்கவில்லை. ரேஷன் கார்டைக் காட்டி, பழைய பல்பைக் கொடுத்து எல்இடி வாங்கிப்போகச் சொன்னார்களே, அப்போதே ஊரில் இருந்த குண்டு பல்பெல்லாம் போய்விட்டன. ஏழெட்டுக் கடை ஏறி இறங்கி, கடைசியில் ஒரு கிழவர் மேல்தட்டிலிருந்து தூசி தட்டி எடுத்துக்கொடுத்தார். அறுபது வாட்ஸ். மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள்.

ஸ்டூலில் ஏறி அவளே மாட்டினாள். சுவிட்சைப் போட்டதும் அறை சுருங்கி நெருக்கமானது. விரிசல், ஒட்டடை எல்லாம் நிழலுக்குள் போய்விட்டன. அந்த வெளிச்சம் உடம்பின்மேல் விழுவது தெரிந்தது. கார்த்திகைக் குளிரில் அதன் அடியில் கையை நீட்டினால் உள்ளங்கைக்குச் சூடு ஏறும். அன்றைக்கு இரண்டு பேரும் அதன் கீழே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கருவாட்டுக் குழம்பு. நைனா, இல்லாமல் போன அம்மாவைப் பற்றி என்றைக்கும் பேசாததெல்லாம் பேசினார். அரக்கோணத்தில் புருஷன் வீட்டைவிட்டு வந்து, ஊர்வாய்க்கு நடுவே இரண்டு வருஷம் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்துவிட்டுக் கடை வேலைக்குப் போன பிறகு, அவள் முதல்முறையாக வயிறு நிறையச் சாப்பிட்ட ராத்திரி அது. “நல்லா தெளிச்சியா கீற நைனா,” என்றுகூடச் சொன்னாள்.

இப்போது அதை நினைத்ததும் முகத்தில் மறுபடி தண்ணீரை அடித்தாள். குழாயை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

சந்துரு வந்ததும் அண்ணாந்து பார்ப்பான். அவன் போட்ட லைட் எங்கே என்று கேட்பான். ஐமோ வீடியோவில் பேசும்போதெல்லாம் நைனா நன்றாகத்தானே இருந்தார் என்பான். டாக்டர் சொன்னது, பெட்டிக்குள் தெரிவது, தொங்கும் பல்பு, மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஒரு நிமிஷம் போதும் அவனுக்கு. அதற்குள் அந்த வெள்ளைப் பல்பை எடுத்து இருந்த இடத்தில் மாட்டிவிட வேண்டும்.

அட்டைப்பெட்டியில் போட்டு அலமாரிமேல் வைத்தது நினைவிருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். பழைய பஞ்சாங்கம், உடைந்த ரேடியோ, நைனாவின் கறுப்புக் கண்ணாடிக் கூடு. அட்டைப்பெட்டி இல்லை. இறங்கித் தகரப்பெட்டியைத் திறந்தாள். அரிசி மூட்டைக்குப் பின்னால் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்தாள்.

“இன்னாடி தேடற?” என்றாள் அத்தை.

“ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லாததுக்கா இப்படி ஊட்ட கலைக்கிற? சாவு ஊட்ல பொண்ணு தலமாட்ல குந்தி நாலு வார்த்த அழுவாங்க. நீ கால்ல சக்கரம் கட்டினவ மாதிரி சுத்தினு கீற.”

தேவசேனா நைனாவின் சட்டைகளை உதறி உதறி மறுபடி மடித்தாள். வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வந்தவர்களுக்கு நாற்காலி போதவில்லை என்று யாரோ சொன்னதும், அதுவாவது ஒரு வேலை என்று, பக்கத்து வீட்டு கிருஷ்ணம்மாவிடம் கேட்டுவரக் கிளம்பினாள்.

கிருஷ்ணம்மா தனியாக இருப்பவள். காலையிலிருந்து சாவு வீட்டுக்குத் தண்ணீர் தூக்கிவிட்டு, அப்போதுதான் தன் வீட்டுக்குப் போய் டீக்கு அடுப்பு மூட்டியிருந்தாள். தேவசேனா வாசலில் கால் வைத்ததும் கண் கூசியது. ஒற்றை அறை முழுக்க வெள்ளை வெளிச்சம். உத்தரத்தில் பெரிய பல்பு. அதன் அட்டைப்பெட்டி அரபி எழுத்தோடு சாமி மாடத்தின் பக்கத்தில் இருந்தது. அதில் ஊதுவத்தி போட்டு வைத்திருந்தாள்.

“க்கா, இது எங்க சந்துரு கொண்டாந்ததாச்சே.”

கிருஷ்ணம்மா அடுப்பைவிட்டு எழுந்தாள். “உங்க நைனாதாம்மா குடுத்தாரு. நானா கேக்கல. அந்த ஆண்டவன் சத்தியமா நானா கேக்கல.”

“அதுக்குக் கேக்கலக்கா. இன்னாத்துக்கு உனுக்குக் குடுத்தாரு?”

“சும்மா கெடக்குது, நீ எரிச்சிக்கோன்னாரு.”

“சும்மா குடுக்கறவரா எங்க நைனா? அவன் ஆசையா கொண்டாந்தது. இன்னாத்துக்குக் குடுத்தாரு, சொல்லு.”

கிருஷ்ணம்மா முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். டீத்தண்ணீர் பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை.

“தெனம் கீழாநெல்லி அரைச்சிக் குடுப்பேன். மோருல கலந்து. துட்டு குடுத்தாரு, வாங்க மாட்டேன்ட்டேன். அதுக்குத்தான் இத்த கொண்டாந்து அவரே மாட்டிட்டுப் போனாரு.”

“எப்பலேர்ந்து அரைச்ச?”

“ஆடியிலேர்ந்து.”

“ஆடியா? ஆவணியா?”

“ஆடிம்மா. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போய்ட்டு வந்த மக்கா நாளு.” கிருஷ்ணம்மாவின் குரல் இறங்கிவிட்டது. “காலைல ஷேவிங் பண்ணிக்கினு இருந்தவரு, கண்ணாடியோட எழுந்து இங்க வந்தாரு. ‘கிருஷ்ணம்மா, என் கண்ணப் பாரு, மஞ்சா கீதா?’ன்னாரு. பாத்தேன். நல்லாவே மஞ்சா. ஆஸ்பத்திரிக்குப் போங்கண்ணான்னு அன்னிக்கே சொன்னேன். கேக்கல. காமாலைதானே, ஊரு ஒலகத்துக்கே வர்றதுதானே, மருந்து துன்னா போய்டும்ன்னாரு.”

“என்கிட்ட சொல்றதுக்கு இன்னா?”

“சொல்லக்கூடாதுன்னு கைய புடிச்சி சத்தியம் வாங்கினாரு.” கிருஷ்ணம்மா இப்போது அழுதாள். “‘சேனாவுக்கு இப்பதான் பட்டு செக்‌ஷன் குடுத்துக்கீறாங்க. ஆஸ்டல்ல தனியா கட்டிலு, தனியா பெட்டி, தனியா சாவின்னு சொல்லிச்சொல்லி சந்தோசப்படுது. இது தெரிஞ்சா எல்லாத்தையும் உட்டுட்டு வந்து என் தலமாட்ல குந்திக்கும். அப்பால அத்த யாரு மறுபடி வேலைக்கு எடுத்துப்பாங்க? வாய்வுட்டுச் சொல்லிடாத’ன்னாரு. நீ வர்ற செவ்வாக்கெழமை வந்தா அவருக்குப் பயம்தான். இந்த வெள்ள வெளிச்சத்துல...”

அவள் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை.

கடைக்குச் செவ்வாய்தான் லீவு. திங்கள் ராத்திரி பஸ் பிடித்து வருவாள், புதன் விடியும் முன்னால் கிளம்பிவிடுவாள். ஊடே இருக்கும் அந்த ஒரு பகலில் நைனா ஜன்னலில்லாத நடு அறையைவிட்டு வெளியே வந்ததாக அவளுக்கு நினைவில்லை. தப்பித்தவறிப் போனாலும் கறுப்புக் கண்ணாடி. கேட்டால் கண் கூசுகிறது என்பார்.

“பத்தியம் இருந்தாரா?” என்றாள். குரல் யாருடையதோ போலிருந்தது.

“உப்பில்லாமதான் துன்னாரு. நீ வர்ற அன்னிக்கி ஒண்டி, நீ ஆக்கிப்போட்டத துன்னுடுவாரு. கருவாடுன்னா அன்னிக்கெல்லாம் ஆவாதுண்ணான்னு சொல்லுவேன். சிரிப்பாரு.”

தேவசேனா அங்கேயே நின்றாள். உத்தரத்து விளக்கு அவள் கைகள்மேல் அடித்தது. விரல் இடுக்கில் ஒட்டியிருந்த சாமந்தி இதழ், பெட்டியில் நசுங்கிய நகத்தில் கட்டிய ரத்தம், ரோமக்கால்கூடத் தெரிந்தது. ஏழெட்டுக் கடை ஏறி இறங்கித் தேடி வாங்கியதெல்லாம் இதற்குத்தானா நைனா என்று கேட்க வாய் வந்தது. கேட்க வேண்டிய ஆள் அங்கே இல்லை.

“இந்த லைட்ட கழட்டிக் குடுத்துடட்டுமா?” என்றாள் கிருஷ்ணம்மா.

“வாணாம். இருக்கட்டும்.”

நாற்காலியைக் கேட்க மறந்து வீட்டுக்கு வந்தாள். பெட்டியின் அருகே போய் நின்று, வந்ததிலிருந்து முதல்முறையாக, வெள்ளை வெளிச்சத்தில் கிடந்த முகத்தை நேராகப் பார்த்தாள். அதற்குமேல் நிற்க முடியாமல் வாசல் கூட்டக் கிளம்பினாள். அன்றைக்கு அவள் வாசலை ஐந்து முறையாவது கூட்டியிருப்பாள் என்று பிற்பாடு அத்தை எல்லோரிடமும் சொன்னாள்.

சந்துரு மறுநாள் எட்டரைக்கு வந்தான். டாக்ஸி தெரு முனையில் நின்றதும் பையைக்கூட எடுக்காமல் ஓடிவந்தான். பெட்டியின்மேல் விழுந்து அழுதான். முப்பத்திரண்டு வயது ஆள், குவைத்தில் பெரிய லாரி ஓட்டுகிறவன், சின்னப் பிள்ளை மாதிரி மூக்கொழுக அழுதான். தேவசேனா அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தவன், கண்ணாடிக்குள் மறுபடி பார்த்தான். நெற்றியில், கையில், காலில் அவன் பார்வை நின்று நின்று போனது. பிறகு அண்ணாந்தான்.

“இது இன்னா பல்பு? நான் போட்டது எங்க?”

அத்தை தேவசேனாவைப் பார்த்தாள்.

ராத்திரி முழுக்க அவள் இதற்கு வார்த்தை கூட்டி வைத்திருந்தாள். அவருதாண்டா கேட்டாரு. ஆடியிலயே அவருக்குத் தெரியும். நம்ம ரெண்டு பேரையும் ஏமாத்திட்டாருடா. ஒவ்வொரு சொல்லும் உண்மை, ஒவ்வொன்றும் நாக்கு நுனியில் இருந்தது. கூட்டத்துக்குப் பின்னால் சுவரோரம் கிருஷ்ணம்மா நின்றிருந்தாள். அவள் உதடு பிரிவதைத் தேவசேனா பார்த்தாள்.

“நான்தாண்டா கழட்டினேன்,” என்றாள்.

“இன்னாத்துக்கு?”

“எனக்குக் கண்ணு கூசிச்சி. கடையில பகல் பூரா அந்த வெளிச்சம். ஊட்லயும் அதேவான்னு மாத்திட்டேன்.”

சந்துரு அவளையே பார்த்தான். “உன் கண்ணு கூசிச்சின்னு மாத்திட்ட.”

“ஆமா.”

“போன்ல பாக்கும்போதெல்லாம் நல்லாத்தானே கீறாருன்னு நினைச்சினு இருந்தேன். அந்தக் கேடுகெட்ட வெளிச்சத்துல நல்லாத்தான் தெரிவாரு. நீ வாராவாரம் பக்கத்துல குந்தி சோறு போட்டவதானே? உனுக்குமா கண்ணு தெரியல?” குரல் உயர்ந்தது. “இன்னும் நாலு மாசம் முன்னால தெரிஞ்சிருந்தா நான் கொண்டுபோயி எங்கயாவது காட்டியிருப்பேனே! ஒரு லைட்டு! உன் சௌரியத்துக்கு ஒரு லைட்ட...”

“சந்துரு, வேணாண்டா, நைனாவ வெச்சினு,” என்று அத்தை குறுக்கே வந்தாள்.

கிருஷ்ணம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு அடி முன்னே வைத்தாள். தேவசேனா திரும்பி அவளைப் பார்த்தாள். வேறொன்றும் செய்யவில்லை, பார்த்தாள். கிருஷ்ணம்மா வைத்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

சந்துரு எட்டி அந்தப் பல்பைப் பிடித்துத் திருகினான். சூடு கையைச் சுட்டது. “ஸ்” என்று உதறினான். மறுபடி தோள்துண்டைச் சுற்றிப் பிடித்துக் கழற்றி, ஒரு நிமிஷம் கையில் வைத்திருந்தான். எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. தேவசேனா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். பெட்டியின் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. சுற்றியிருந்தவர்கள் எல்லோருடைய முகமும் கீழிருந்து வெளுத்துத் தெரிந்தது. யாரோ வாசல் கதவை இரண்டு பக்கமும் முழுசாகத் திறந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மேளக்காரர்கள் வந்தார்கள், பாடை கட்டினார்கள். வேதாச்சலம் ஷெட்டை நிறுத்திவிட்டு எல்லாத் தறிக்காரர்களையும் கூட்டிவந்தார். எந்நேரமும் தடதடவென்று இருக்கும் தெரு தறிச் சத்தம் இல்லாமல் விநோதமாக இருந்தது. நைனாவைக் குளிப்பாட்ட வாசலில் பெஞ்சு போட்டார்கள். பகல் வெளிச்சத்தில் அவரைத் தூக்கி வைத்தபோது பெண்கள் சிலர் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். தேவசேனா திருப்பவில்லை. தண்ணீர் குடம் குடமாகச் சேந்திக் கொடுத்தாள். ஒருவரும் கேட்காமலேயே நாற்பது குடமாவது சேந்தியிருப்பாள்.

சந்துரு தலையை மழித்துக்கொண்டு கொள்ளிச்சட்டியை எடுத்தான். பெண்கள் தெரு முனை வரைக்கும் போய் நின்றார்கள். பாடை ஆற்றங்கரைப் பக்கம் திரும்பி மறையும்வரை நின்றுவிட்டு, மற்றவர்கள் அழுதபடி திரும்பினார்கள். தேவசேனா வேகமாக வந்து வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தாள். பெட்டி இருந்த இடம், நடை, வாசல். கிருஷ்ணம்மா துடைப்பத்தோடு கூட வந்து சேர்ந்துகொண்டாள். ஒருத்தி தண்ணீர் ஊற்ற ஒருத்தி தள்ளினாள்.

“பாவத்த என் தலையில ஏத்திட்ட சேனா,” என்றாள் கிருஷ்ணம்மா, கடைசியில், நிமிராமலேயே.

“உன் தலையில ஒண்ணும் இல்லக்கா. அந்த மூலையில தள்ளு, தண்ணி நிக்குது.”

வீடு காய்வதற்குள் ஆண்கள் ஆற்றங்கரையிலிருந்து திரும்பிவிட்டார்கள். நல்ல உச்சி வெயில். சந்துரு முன்னால் வந்தான். மழித்த தலையில் வெட்டுக்காயம் ஒன்று, ஈர வேட்டி காலோடு ஒட்டியிருந்தது. உள்ளே ஏற்றிவைத்த விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும் என்று பெரியவர் ஒருவர் சொல்லிக்கொண்டே வந்தார். தேவசேனா வாசலில் சொம்போடு நின்றிருந்தாள்.

சந்துரு அவள் முகத்தைப் பார்க்காமல் காலை நீட்டினான். அவள் தண்ணீர் ஊற்றினாள். ஒரு காலைத் தேய்த்துக் கழுவினான், பிறகு அடுத்த கால். கழுவி முடித்து உள்ளே போகத் திரும்பியவனை அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் தோளைப் பிடித்து நிறுத்தினாள். தாடையைப் பிடித்து வெயில் பக்கமாகத் திருப்பினாள்.

“இன்னாக்கா?”

“அசையாத நில்லு.”

கட்டைவிரலால் அவன் இடது கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். புகையிலும் அழுகையிலும் கண் சிவந்திருந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்து, அந்தச் சிவப்புக்கு அப்பால் வெள்ளை விழியைப் பார்த்தாள். பிறகு வலது கண். பார்த்துவிட்டு மறுபடியும் இடது கண்ணுக்கு வந்தாள். பின்னால் வந்தவர்கள் ஈரம் சொட்டச் சொட்டத் தெருவில் நின்றுவிட்டார்கள். வெயில் நேராகக் கண்ணில் விழுந்து நீர் வழிந்தது. சந்துரு கண்ணை மூடாமல் நின்றான்.